பழைய வழக்கு ஒன்று இருக்கையில் செவிலியர் பதிவு கிடைக்குமா?

உங்கள் கேள்வியின் சாரம் இது. 2022இல் உங்கள் அண்ணி சென்னையில் உள்ள ஓர் அனைத்து மகளிர் காவல் நிலையத்தில் வரதட்சணைக் கொடுமை என்று புகார் கொடுத்தார். அதில் அண்ணன், அப்பா, அம்மா ஆகியோருக்கு அடுத்து, நாத்தனார் என்ற முறையில் நீங்கள் நான்காவது எதிரியாக, அதாவது குற்றம்சாட்டப்பட்டவராகச் சேர்க்கப்பட்டீர்கள். அப்போது உங்களுக்குப் பதினெட்டு வயது முடிந்திருந்தது. பின்னர் இரு வீட்டாரும் பேசித் தீர்த்துக்கொண்டார்கள். அண்ணனும் அண்ணியும் பரஸ்பர சம்மதத்தின்பேரில் விவாகரத்து பெற்றார்கள். ‘கேஸ் முடிந்துவிட்டது’ என்று வழக்கறிஞர் சொன்னார். ஆனால் அதற்கான தாள் எதுவும் உங்களிடம் இல்லை. இப்போது பி.எஸ்சி. நர்சிங் முடிக்கப்போகிறீர்கள். செவிலியர் கவுன்சிலில் பதிவு கிடைக்குமா, அரசு வேலைக்குப் போக முடியுமா, வெளிநாடு செல்ல முடியுமா என்று கேட்கிறீர்கள்.

சென்னை உயர்நீதிமன்றத்தில் சர்வீஸ் வழக்குகள், அதாவது அரசுப் பணி தொடர்பான வழக்குகள் நடத்துபவன் என்ற முறையில் முதலில் ஒன்றைச் சொல்லிவிடுகிறேன். நீங்கள் எழுதியிருப்பது முழுவதும் உண்மையானால், பதிவைப் பற்றி நீங்கள் இவ்வளவு அஞ்ச வேண்டியதில்லை. அஞ்ச வேண்டியது ‘முடிந்துவிட்டது’ என்ற அந்த வாய்ச்சொல்லைப் பற்றித்தான். வழக்கு எப்படி முடிந்தது, யாருக்கு முடிந்தது, எந்த ஆணையால் முடிந்தது என்ற மூன்றுக்கும் தாளில் விடை இருந்தால் உங்கள் கேள்விகளில் பெரும்பாலானவை எளிதாகிவிடும்.

புகார் கொடுத்தவுடன், அதைப் பெற்றுக்கொண்டதற்கு அடையாளமாகக் காவல் நிலையத்தில் தரப்படும் சி.எஸ்.ஆர். ரசீது வழக்கே ஆகாது. அந்த நிலையிலேயே சமரசம் ஆகியிருந்தால் உங்கள்மீது குற்ற வழக்கு எதுவும் பதிவாகவில்லை என்றே பொருள். ஆனால் நீங்கள் ‘நான்காவது எதிரி’ என்று எழுதியிருப்பதால் முதல் தகவல் அறிக்கை பதிவாகியிருக்க வேண்டும். அதன் பிறகு, புகாரில் உண்மையில்லை என்று காவல்துறையே நீதிமன்றத்துக்கு அறிக்கை அனுப்பி முடித்திருக்கலாம், வழக்கு அப்படி முடிக்கப்பட்டதைத் தெரிவிக்கும் ஆர்.சி.எஸ். நோட்டீஸ் புகார்தாரருக்குப் போயிருக்கும். அல்லது குற்றப்பத்திரிகை தாக்கலாகி, விசாரணையில் உங்கள் அண்ணி பிறழ்சாட்சியாகி, அதனால் விடுதலை கிடைத்திருக்கலாம். அல்லது உயர்நீதிமன்றத்தில் மனுச் செய்து வழக்கையே ரத்து செய்திருக்கலாம். வழக்கறிஞர்கள் ‘குவாஷ்’ என்பது இதைத்தான்.

இதில் பலரும் தடுமாறும் இடம் ஒன்று உண்டு. மனைவியைக் கணவனோ அவன் உறவினரோ கொடுமைப்படுத்துவதைக் குற்றமாக்கும் இந்தியத் தண்டனைச் சட்டத்தின் 498ஏ பிரிவு, தமிழ்நாட்டைப் பொறுத்தவரை, இரு தரப்பும் கீழமை நீதிமன்றத்தில் ராஜியாகி முடித்துக்கொள்ளக்கூடிய குற்றம் அன்று. 2024 ஜூலை 1 முதல் நடைமுறையில் உள்ள பாரதிய நியாய சன்ஹிதாவில் அது 85ஆம் பிரிவாக மாறியபோதும் இந்த நிலை மாறவில்லை. புகார் கொடுத்தவர் அண்ணியாக இருந்தாலும் வழக்கை நடத்துவது அரசு. எனவே அவர் தாமாக ‘வாபஸ்’ வாங்க முடியாது. குடும்பநல நீதிமன்றத்தில் கையெழுத்தான சமரசப் பத்திரத்தில் ‘குற்ற வழக்கைத் தொடர மாட்டேன்’ என்ற வரி இருப்பது வழக்கம். அந்த வரி மட்டுமே வழக்கை முடித்துவிடாது. அந்தப் பத்திரத்தைச் சான்றாக வைத்து உயர்நீதிமன்றத்தில் மனுச் செய்ய வேண்டும். குடும்பப் பிணக்கிலிருந்து எழுந்த வழக்குகளை, பிரிவு ராஜிக்கு இடம் தராவிட்டாலும், சமரசத்தின் அடிப்படையில் உயர்நீதிமன்றம் ரத்து செய்யலாம் என்பதை உச்ச நீதிமன்றம் 2003இல் பி.எஸ். ஜோஷி வழக்கிலும், 2012இல் கியான் சிங் வழக்கிலும் உறுதி செய்திருக்கிறது.

அடுத்ததாக, ‘யாருக்கு முடிந்தது’ என்ற கேள்வி. சமரசம் பேசும்போது எல்லோருடைய கவனமும் கணவன் மனைவி மீதே இருக்கும். ரத்து மனுவில் அண்ணன் பெயரும் பெற்றோர் பெயரும் மட்டும் இருந்து, நான்காவது எதிரி விடுபட்டுப்போன ஆணைகளை நான் பார்த்திருக்கிறேன். அப்படியானால் குடும்பத்தில் எல்லோருக்கும் முடிந்த வழக்கு உங்களுக்கு மட்டும் எழும்பூர் நீதிமன்றத்தில் நிலுவையில் கிடக்கும். வாய்தாவுக்குப் போகாததால் பிடியாணைகூடப் பிறப்பிக்கப்பட்டிருக்கலாம். ஆகவே ஆணையை வாங்கியதும், முதல் பக்கத்தில் மனுதாரர்கள் வரிசையில் உங்கள் பெயர் இருக்கிறதா, கடைசிப் பக்கத்தில் ‘மனுதாரர்களைப் பொறுத்தவரை ரத்து செய்யப்படுகிறது’ என்று இருக்கிறதா, குற்ற எண்ணும் ஆண்டும் சரியாக உள்ளனவா என்று விரல் வைத்துப் படியுங்கள். புகாரில் 498ஏ பிரிவுடன் வரதட்சணைத் தடைச் சட்டமோ, 1998ஆம் ஆண்டின் தமிழ்நாடு பெண்கள் வன்கொடுமைத் தடைச் சட்டத்தின் 4ஆம் பிரிவோ சேர்க்கப்பட்டிருந்தால், வழக்கு முழுவதுமே ரத்தாகியுள்ளதா என்பதையும் பார்த்துக்கொள்ளுங்கள்.

தாள்களைத் தேடிப் பிடிப்பது கடினமன்று. காவல் நிலையத்தின் பெயரும் குற்ற எண்ணும் தெரிந்தால் இ-கோர்ட்ஸ் இணையதளத்தில் வழக்கின் நிலையைப் பார்க்கலாம். குற்ற எண் தெரியாவிட்டால் உங்கள் பெயரையும் ஆண்டையும் கொண்டு தேடலாம். வழக்கு எண் கிடைத்ததும் அந்தந்த நீதிமன்றத்தில் காப்பி அப்ளிகேஷன் போட்டு, முதல் தகவல் அறிக்கை, குற்றப்பத்திரிகை, இறுதி ஆணை ஆகியவற்றின் சான்றிட்ட நகல்களைப் பெறுங்கள். ஒவ்வொன்றிலும் ஒன்றுக்கு மேல் வாங்கி வையுங்கள். முத்திரை இல்லாத ஜெராக்ஸை வெளிநாட்டு அமைப்புகள் ஏற்பதில்லை.

இனி பதிவு. 1926ஆம் ஆண்டின் செவிலியர் சட்டத்தின் கீழ் இயங்கும் தமிழ்நாடு செவிலியர் மற்றும் தாதியர் குழுமம், அதாவது நீங்கள் சொல்லும் கவுன்சில், சாந்தோம் நெடுஞ்சாலையில் இருக்கிறது. பதிவுக்கு அது முதன்மையாகப் பார்ப்பது, அங்கீகாரம் பெற்ற கல்லூரியில் முறையாகப் படித்தீர்களா, மதிப்பெண் சான்றிதழ்களும் தமிழ்நாடு டாக்டர் எம்.ஜி.ஆர். மருத்துவப் பல்கலைக்கழகத்தின் பட்டமும் உண்மையானவையா என்பதைத்தான். காவல்துறை செய்யும் முன்வரலாற்று விசாரணை இதன் மையமன்று. எந்தத் தண்டனையும் பெறாத ஒருவர், குடும்பத் தகராறில் பெயர் சேர்க்கப்பட்டு வழக்கும் ரத்தானவர், இந்தக் கட்டத்தில் நிறுத்தப்படுவார் என்று நினைக்கக் காரணமில்லை. கல்லூரி தரும் நன்னடத்தைச் சான்று படிப்புக்காலத்தில் கல்லூரியில் நீங்கள் நடந்துகொண்ட விதத்தைப் பற்றியது. அதற்காக முதல்வரிடம் குடும்பக் கதை முழுவதையும் சொல்ல வேண்டியதில்லை. விண்ணப்பத்தில் வழக்குகளைப் பற்றிய உறுதிமொழி ஏதேனும் கேட்கப்பட்டால் மட்டும் அதன் சொற்களை நிதானமாகப் படித்துவிட்டு விடை எழுதுங்கள். இந்திய நர்சிங் கவுன்சில் சட்டத்துக்கு மாற்றாக நாடாளுமன்றம் 2023இல் தேசியச் செவிலியர் மற்றும் தாதியர் ஆணையச் சட்டத்தை நிறைவேற்றியிருப்பதால், படிவங்களும் அமைப்புகளின் பெயர்களும் மாறக்கூடும். பழைய மாணவிகள் சொல்வதை நம்பாமல், விண்ணப்பிக்கும் நாளில் உள்ள படிவத்தையே பாருங்கள்.

செவிலியர் தொழிலில் உண்மையாகவே எடைபோடப்படும் வழக்குகள் வேறு வகையைச் சேர்ந்தவை. போலிச் சான்றிதழ், மருத்துவமனை மருந்துத் திருட்டு, போதைப்பொருள், தம் பொறுப்பில் உள்ள நோயாளிக்கோ குழந்தைக்கோ இழைத்த தீங்கு போன்றவற்றில் தண்டனை பெற்றவர் நிலைமை கடுமையானது. பதிவு கிடைத்த பின்னும் அதை இழக்க நேரலாம். அத்தகையவர்களுக்கு இந்தப் பதில் பொருந்தாது.

உங்களுடன் படிக்கும் பையன்களுக்காக இடையில் ஒன்று. தெருச் சண்டை, பொது இடத்தில் ரகளை என்று சென்னை மாநகரக் காவல் சட்டத்தின் 75ஆம் பிரிவில் போடப்படும் சில்லறை வழக்குகளில், ‘ஒத்துக்கொண்டு ஃபைன் கட்டிவிட்டு வா’ என்று யாரோ சொல்ல, நீதிமன்றத்தில் தலையாட்டிவிட்டு அபராதம் கட்டி வந்துவிடுகிறார்கள். குற்றத்தை ஒப்புக்கொண்டு அபராதம் கட்டுவது சட்டப்படி தண்டனைதான். சில நூறு ரூபாயோடு போய்விட்டது என்று எண்ணியவர், ‘நீங்கள் எப்போதாவது தண்டிக்கப்பட்டதுண்டா’ என்ற கேள்விக்கு ‘இல்லை’ என்று எழுதினால் அது பொய்யாகிறது. சில்லறை வழக்குக்காக வேலை மறுக்கப்படுவது அரிது. அந்தப் பொய்க்காக மறுக்கப்படுவது அவ்வளவு அரிதன்று. 1958ஆம் ஆண்டின் நன்னடத்தைச் சட்டத்தில் எச்சரித்தோ நன்னடத்தைப் பிணையிலோ விடுவிக்கப்பட்டவருக்கு, தண்டனையால் வரும் தகுதியிழப்பை அச்சட்டத்தின் 12ஆம் பிரிவு நீக்குகிறது. ஆனால் குற்றவாளி என்ற தீர்ப்பே அழிந்துவிடுவதில்லை, ஆகவே கேட்டால் சொல்லித்தான் ஆக வேண்டும்.

பதினெட்டு வயது நிறைவதற்கு முன் நிகழ்ந்தது என்றால் விஷயமே வேறு. 2015ஆம் ஆண்டின் இளைஞர் நீதிச் சட்டத்தின் 24ஆம் பிரிவு, சிறார் வழக்கால் எந்தத் தகுதியிழப்பும் வராது என்கிறது. பதினாறு வயதைக் கடந்து, கொடுங்குற்றத்துக்காகப் பெரியவரைப்போல விசாரிக்கப்பட்டுக் குற்றவாளி எனக் கண்டவர்களுக்கு மட்டும் விலக்கு. 74ஆம் பிரிவோ, நன்னடத்தைச் சான்றுக்காகக்கூட அந்தப் பதிவுகளைக் காவல்துறை வெளியிடக் கூடாது என்கிறது. உங்களுக்கு இது பொருந்தாது. ஆனால் பலர் தேவையில்லாமல் இதை எழுதிக் கொடுத்துவிட்டுப் பிறகு வருந்துகிறார்கள்.

அரசு வேலையில்தான் உங்கள் தாள்களுக்கு முதல் சோதனை. மருத்துவப் பணியாளர் தேர்வு வாரியம் வழியாக, அதாவது எம்.ஆர்.பி. தேர்வு மூலம் செவிலியராகத் தேர்வாகும்போது, பணியில் அமர்த்துவதற்கு முன் உங்கள் நடத்தையும் முன்வரலாறும் காவல்துறை மூலம் சரிபார்க்கப்படும். இங்கே வழிகாட்டுவது 2016இல் அவதார் சிங் வழக்கில் உச்ச நீதிமன்றத்தின் மூன்று நீதிபதிகள் வழங்கிய தீர்ப்பு. அதன்படி, தண்டனை, விடுதலை, நிலுவை என எதைக் கேட்டாலும் உண்மையைச் சொல்ல வேண்டும். மறைத்தால் அதுவே நியமனத்தை ரத்து செய்யப் போதுமான காரணமாகலாம். இளவயதில் செய்த அற்பக் குற்றமாக இருந்தால் மறைத்ததையும் மன்னிக்க முதலாளிக்கு உரிமை உண்டு. உண்மையைச் சொல்லிவிட்டாலும்கூட, முன்வரலாற்றைக் கருதிப் பார்க்கும் உரிமை முதலாளியிடமே இருக்கிறது. படிவத்தில் குறிப்பாகக் கேட்கப்படாத ஒன்றைச் சொல்லவில்லை என்பதற்காக, மறைத்தார் என்று ஒருவரைத் தண்டிக்க முடியாது என்பதும் அதே தீர்ப்பில் இருக்கிறது.

எனவே படிவத்தின் வாசகம் முக்கியம். ‘உங்கள்மீது குற்ற வழக்கு ஏதேனும் நிலுவையில் உள்ளதா?’ என்று மட்டும் இருந்தால், வழக்கு ரத்தான பிறகு ‘இல்லை’ என்பது முழு உண்மை. ‘எப்போதாவது வழக்குப் பதிவு செய்யப்பட்டதா?’ என்று இருந்தால் ‘ஆம்’ என்று எழுதி ஆணையை இணைக்க வேண்டும். இரண்டையும் ஒன்றாக நினைத்துக்கொண்டு, தட்டச்சு மையத்தில் யாரோ டிக் அடிக்க விட்டுவிடாதீர்கள்.

‘சந்தேகத்தின் பலனில் விடுதலையானாலும் அரசு வேலை கிடையாது’ என்று உங்கள் மாமா சொன்னதாக எழுதியிருக்கிறீர்கள். அவர் சொல்வது தமிழ்நாடு காவல் சார்நிலைப் பணி விதிகளில் உள்ளது. காவலர் தேர்வில் அது பலரை வெளியேற்றியிருக்கிறது. அந்த விதி செவிலியர் பணிக்குரியதன்று. இருந்தாலும், ‘சந்தேகத்தின் பலனில்’ என்ற வாசகத்துடன் கிடைத்த விடுதலையைவிட ரத்து ஆணை வலுவானது என்பதை மறுக்க மாட்டேன். கணவனின் உறவினர்களைக் குறிப்பான குற்றச்சாட்டு எதுவுமின்றிப் பொத்தாம்பொதுவாகச் சேர்ப்பதை உச்ச நீதிமன்றம் 2012இல் கீதா மெஹ்ரோத்ரா வழக்கிலும், 2022இல் ககஷான் கௌசர் வழக்கிலும் கண்டித்து ரத்து செய்துள்ளதால், நாத்தனார் என்ற நிலையில் உங்களுக்கு அது கிடைக்கும் வாய்ப்பு நன்றாகவே இருக்கிறது.

தனியார் மருத்துவமனைகள் பெரும்பாலும் உங்கள் பதிவுச் சான்றைச் சரிபார்ப்பதிலும், காவல்துறையின் இணையவழிச் சரிபார்ப்புச் சான்றைக் கேட்பதிலும் நின்றுவிடும். சில இடங்களில் மனிதவளத் துறையினர் பெயரை இணையத்தில் தட்டிப் பார்க்கிறார்கள்; ரத்து ஆணையே அங்கு உங்கள் பெயருடன் வந்து நிற்கக்கூடும். விடுதலையானவரின் பெயரை இணையத்தில் உள்ள தீர்ப்பிலிருந்து நீக்கும்படி சென்னை உயர்நீதிமன்றம் 2024 பிப்ரவரியில் ஒரு வழக்கில் ஆணையிட்டது. அவ்வாணையை உச்ச நீதிமன்றம் அதே ஆண்டு ஜூலையில் நிறுத்திவைத்தது. ஆகவே அந்த வழியை இப்போதைக்கு நம்ப வேண்டாம்.

வெளிநாடு என்று வரும்போது ஒவ்வொரு நாடும் கேட்கும் கேள்வி மாறுகிறது. ஆஸ்திரேலியாவின் பதிவு அமைப்பான ஆப்ரா, தண்டனையை மட்டுமன்றி, ஒருவர்மீது சாட்டப்பட்ட எல்லாக் குற்றச்சாட்டுகளையும் குற்றப் பின்னணியில் சேர்த்துக்கொள்கிறது. விடுதலையோ ரத்தோ ஆனாலும் சொல்ல வேண்டியிருக்கலாம். சொல்லிவிட்டால் அவர்கள் பார்ப்பவை, குற்றத்தின் தன்மை, எவ்வளவு காலம் ஆயிற்று, அப்போது உங்கள் வயது என்ன, எப்படி முடிந்தது, நோயாளிகளுக்கு அதனால் ஆபத்து உண்டா என்பன. பிரிட்டனில் செவிலியர் பதிவு அமைப்பான என்.எம்.சி. நல்லொழுக்கம் பற்றிய உறுதிமொழி கேட்கிறது. விசாவுக்கோ, பதினெட்டு வயதுக்குப் பின், கடந்த பத்து ஆண்டுகளில் பன்னிரண்டு மாதங்களோ அதற்கு மேலோ வாழ்ந்த நாட்டின் காவல்துறைச் சான்று வேண்டும்.

அமெரிக்காவில் உரிமம் வழங்குவது அந்தந்த மாநில நர்சிங் போர்டு. என்சிலெக்ஸ் தேர்வு எல்லோருக்கும் ஒன்றுதான். குற்றப் பின்னணி விதிகள் மாநிலத்துக்கு மாநிலம் வேறு. பல மாநிலங்களில் செல்லும் கூட்டு உரிமத்துக்கு, பெருங்குற்றத் தண்டனை ஏதும் இருக்கக் கூடாது என்பது பொது நிபந்தனை. டெக்சாஸில், படிப்பில் சேரும் முன்பே ‘இந்தப் பின்னணியோடு எனக்கு உரிமம் கிடைக்குமா’ என்று போர்டிடம் மனுச் செய்து முடிவு பெறலாம். கலிபோர்னியாவில் 2020 ஜூலை முதல், மிகக் கடுமையானவை தவிர்த்த தண்டனைகளில் ஏழு ஆண்டுகளுக்கு முந்தையவற்றைப் போர்டு கணக்கில் எடுக்க முடியாது. தண்டனையே இல்லாத உங்களுக்கு அங்கு போர்டைவிட விசா படிவமே கவனத்துக்குரியது. ‘எப்போதாவது கைது செய்யப்பட்டதுண்டா’ என்று அது கேட்கிறது. வழக்கு ரத்தானாலும் கைது நடந்திருந்தால் அது நடந்ததுதான். 2014இல் அர்னேஷ் குமார் வழக்கின் தீர்ப்புக்குப் பிறகு, 498ஏ வழக்குகளில் உடனே கைது செய்யாமல், அப்போதிருந்த குற்றவியல் நடைமுறைச் சட்டத்தின் 41ஏ பிரிவில் நோட்டீஸ் கொடுத்து விசாரிப்பதே முறையாக இருந்தது. நோட்டீஸ் பெற்று நிலையத்துக்குச் சென்று வந்தது கைது ஆகாது. முன்ஜாமீன் பெற்றிருந்தால், குற்றப்பத்திரிகையில் உங்கள் பெயருக்கு எதிரே என்ன எழுதியிருக்கிறது என்று பார்த்த பிறகே விடை எழுதுங்கள்.

பாஸ்போர்ட் சட்டத்தின்படி, நீதிமன்றத்தில் குற்ற வழக்கு நிலுவையில் இருந்தால் பாஸ்போர்ட் மறுக்கப்படலாம். நீதிமன்ற அனுமதி பெற்று வந்தால், 1993ஆம் ஆண்டின் அறிவிக்கையின்படி குறுகிய காலத்துக்கு வழங்குவார்கள். வழக்கு ரத்தாகியும் காவல் நிலையப் பதிவேட்டில் பழைய குறிப்பு அப்படியே இருப்பது சகஜம். ஆகவே பி.சி.சி. எனப்படும் காவல்துறைச் சான்றுக்காகச் சாலிகிராமத்திலோ அமைந்தகரையிலோ தாம்பரத்திலோ உள்ள பாஸ்போர்ட் சேவை மையத்துக்குப் போகும்போதும், அதன் பிறகு காவலர் விசாரிக்க வரும்போதும், ஆணையின் நகலைக் கையோடு வைத்திருங்கள்.

விளக்கக் கடிதம் கேட்டால் நீளமாக எழுதாதீர்கள். இவ்வளவு போதும்:

“என் சகோதரரின் மணவாழ்வில் எழுந்த பிணக்கையொட்டி, 2022ஆம் ஆண்டு அவருடைய மனைவி அளித்த புகாரின்பேரில் பதிவான வழக்கில் நான் நான்காவது எதிரியாகச் சேர்க்கப்பட்டேன். அதில் இந்தியத் தண்டனைச் சட்டத்தின் 498ஏ பிரிவு குறிப்பிடப்பட்டிருந்தது. நான் கைது செய்யப்படவில்லை. சென்னை உயர்நீதிமன்றத்தின் ஆணையால் அவ்வழக்கு என்னைப் பொறுத்தவரை ரத்து செய்யப்பட்டது. முதல் தகவல் அறிக்கை, ஆணை ஆகியவற்றின் சான்றிட்ட நகல்களை இணைத்துள்ளேன். என்மீது வேறு வழக்கு எதுவும் இல்லை.”

இதில் ஒவ்வொரு வாக்கியத்துக்கும் ஆதாரத் தாள் இருக்க வேண்டும். இல்லாத வாக்கியத்தை எடுத்துவிடுங்கள். அண்ணி பொய்ப் புகார் கொடுத்தார் என்று எழுதத் தோன்றும். வேண்டாம். படிப்பவருக்கு அது தேவையில்லை. சமரசத்தின்பேரில் ரத்தான ஆணையுடன் அது பொருந்தவும் செய்யாது.

‘போலீஸ் கம்ப்யூட்டரிலிருந்தே பெயரை எடுத்துத் தருகிறேன்’ என்று பணம் கேட்கும் ஏஜென்ட் யாரேனும் வந்தால் வாசலோடு அனுப்பிவிடுங்கள். அவர் கொண்டுவரும் தாள் போலியானால், இல்லாத குற்றப் பின்னணி அன்றைக்குத்தான் உங்களுக்கு உண்டாகும்.

தேடிப் பார்த்ததில் உங்கள்மீது வழக்கு இன்னும் நிலுவையில் இருப்பதாகத் தெரியவந்தால், பழைய சமரசப் பத்திரத்தை வைத்தே உங்களுக்காகத் தனியாக ரத்து மனுத் தாக்கல் செய்யலாம். மனு இப்போது, பழைய குற்றவியல் நடைமுறைச் சட்டத்துக்கு மாற்றாக வந்த பாரதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதாவின் 528ஆம் பிரிவின் கீழ் வரும். அண்ணியின் சம்மதப் பத்திரம் வேண்டியிருக்கும். விசாரணை நாளில் அவரும் அடையாள அட்டையுடன் வந்து, சமரசம் தம் விருப்பப்படி ஆனதுதான் என்று நீதிபதியிடம் சொல்ல வேண்டியிருக்கலாம். அவர் மறுமணம் செய்துகொண்டு வேறு ஊருக்குப் போய்விட்டால் அவரைத் தேடிப் பிடிப்பதே பெரும் வேலையாகிவிடும் என்பதால், இறுதித் தேர்வு முடியட்டும் என்று காத்திருக்க வேண்டாம். வழக்கறிஞருக்குக் கொடுக்கப் பணமில்லை என்றால், 1987ஆம் ஆண்டின் சட்டப்பணிகள் ஆணையங்கள் சட்டத்தின் 12ஆம் பிரிவுப்படி, வருமான வரம்பு எதுவுமின்றிப் பெண்களுக்கு இலவச சட்ட உதவி உண்டு. உயர்நீதிமன்ற வளாகத்தில் உள்ள சட்டப்பணிகள் குழுவிடம் முதல் தகவல் அறிக்கையின் நகலோடு சென்று விண்ணப்பியுங்கள்.